ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏற்ற ஒயில் எது?

கல்லூரி விழா மலரில் மொழியையும் சமயத்தையும் பற்றி எழுதுவதை விடுத்து, மோட்டார் வண்டிக்கு ஊற்றும் ஒயிலைப் பற்றி எழுதப் புகுந்தோமே என்று முகஞ் சுளிப்போரும் இருத்தல் கூடும். அன்னோர் சற்றே பொறுத்தருள்க. பழைய மாணவர் கூடுமிடமெல்லாம் பேச்சானது முதலில் ஆசிரியர்களைப் பற்றியதாக எழுந்து, பின் பிள்ளைகளின் படிப்பைத் தொட்டு, ஈற்றில் மோட்டார் வண்டியிலே வந்து நிற்பதை நாம் பன்முறை கண்டுள்ளோம். அவ்வேளைகளில் ஓயாது எழும் வினா ஒன்றுண்டு. ஸ்போர்ட்ஸ் காருக்கு முழுச் சிந்தெற்றிக் ஒயில் நன்றா, செமி சிந்தெற்றிக் ஒயில் நன்றா என்பதே அது. சபரகமுவத் தோட்டப் பகுதியில் வாழ்ந்து, அவ்விடத்துச் சாலைகளில் நாள்தோறும் வண்டி ஓட்டிவரும் நாம், இதுபற்றிய எமது அபிப்பிராயத்தை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று. எம்முடன் ஒரே வகுப்பிற் படித்த நண்பர் ஒருவர் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கடமையாற்றுகின்றார். அவர் பல்லாண்டு சேமித்த பணத்தைக் கொண்டு டேர்போ பூட்டிய பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். கடையில் இருந்தவற்றுள் விலையுயர்ந்த முழுச் சிந்தெற்றிக் ஒயிலையே அதற்கு ஊற்றினார். “இதனை ஊற்றினால் பதினையாயிரம் கிலோமீற்றருக்குப் பொனற்றைத் திறக்கவே வேண்டியதில்லை” என்று யாரோ சொன்னதை நம்பி, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். டேர்போ வண்டி சிறிது ஒயிலைக் குடிப்பது இயல்பு. மாதங்கள் சென்றன. ஒருநாள் இறக்குவானையிலிருந்து தெனியாயை நோக்கி, புலுத்தோட்டைக் கணவாயின் 10 கொண்டையூசி வளைவுகளையும் விரைந்து ஏறினார். ஒயில் குறைந்திருந்த தொட்டியிலே, ஒவ்வொரு வளைவிலும் எஞ்சியிருந்தது ஒருபுறம் ஒதுங்க, பம்பு ஒயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சிற்று. சூரியகந்தையை அடையுமுன்னரே எஞ்சினுள் இரும்பை இரும்பு தட்டும் ஓசை எழுந்தது. பேரிங்குகள் அழிந்தன. தம்பியின் மேற்படிப்புக்கென ஒதுக்கி வைத்திருந்த பணம் எஞ்சின் திருத்தத்துக்குச் சென்றது.

அவர் வாங்கிய ஒயிலிற் குறையில்லை. பெயரை நம்பிப் பேணுதலை மறந்ததே குறை. இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விழைவதும் இதுவே.

ஒயிலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பந்தய எஞ்சின்களுக்கு நம் வீடுகளில் மருந்தாக வழங்கும் ஆமணக்கெண்ணெயைக் கலந்து ஊற்றினர். 1909இல் எழுந்த காஸ்ட்ரோல் என்னும் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே பிறந்தது. பின்னர் நிலத்தெண்ணெயைச் சுத்திகரித்த சாதாரண ஒயில் பரவிற்று. இரசாயன முறையில் மூலக்கூறுகளை ஒரே சீராகக் கட்டி ஆக்கும் சிந்தெற்றிக் ஒயில், முதலில் விமானங்களுக்குப் பயன்பட்டு, 1970களிலே மோட்டார் வண்டிகளுக்குக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. இரண்டையுங் கலந்ததே செமி சிந்தெற்றிக். மொத்துல் என்னும் பிரெஞ்சுக் கம்பனி 1966இலேயே அத்தகைய ஒயிலொன்றை வெளியிட்டது.

ஆயின், இப்பெயர்களுக்கு உலகெங்கும் ஒரே வரையறை இல்லை என்பதைப் பலர் அறியார். நிலத்தெண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் ஐதரசன் கொண்டு மாற்றிச் செய்யும் மூன்றாந் தொகுதி ஒயிலையும் சிந்தெற்றிக் என்று அழைக்கலாம் என அமெரிக்காவில் விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999இல் முடிவு கூறியது. ஜெர்மனியிலோ அதனை முழுச் சிந்தெற்றிக் என்று விற்றல் கூடாது. செமி சிந்தெற்றிக் என்பதில் சிந்தெற்றிக் எத்தனை பங்கு இருத்தல் வேண்டும் என்பதற்கும் பொதுவான விதி யாதுமில்லை. ஆதலின், போத்தலின் முகப்பிற் பெரிய எழுத்தில் உள்ள பெயரைக் காட்டிலும், அதன் முதுகிற் சிறிய எழுத்தில் உள்ள எண்களும் தரக் குறிகளுமே நமக்குத் துணை.

அவ்வெண்கள் கூறுவதென்ன? 0 டபிள்யூ 40 என்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. அதன் முன்னுள்ள எண், குளிரில் எஞ்சினைச் சுழற்ற ஒயில் எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதைக் காட்டும். 0 டபிள்யூ ஒயிலைச் சுழியத்துக்குக் கீழ் 35 பாகையிலும், 10 டபிள்யூ ஒயிலைச் சுழியத்துக்குக் கீழ் 25 பாகையிலும் சோதிப்பர். ஆண்டில் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்து, மார்கழியிலும் வியர்க்கும் இரத்தினபுரியிலே அத்தகைய உறைபனி எக்காலத்தும் வாராது. எனவே கடுங்குளிரைத் தாங்கும் சிறப்புக்காகக் கொடுக்கும் பணத்தாற் சபரகமுவ வாசிக்கு வரும் பயன் சிறிது.

பின்னுள்ள எண்ணே நமக்கு முக்கியம். அது வெப்பத்தில் ஒயிலின் தடிப்பைக் காட்டுவது. 150 பாகை வெப்பத்தில், பேரிங்குகளின் நெருக்கத்திற் சிக்கிய நிலையிலும் 5 டபிள்யூ 40 ஒயில் 3.5 மில்லிபஸ்கால் செக்கனுக்குக் குறையாத பிசுக்குமை உடையதாதல் வேண்டும். 30 எண்ணுடைய ஒயிலுக்கு 2.9 போதும். எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறுபவர், தாழ்ந்த கியரில், உயர்ந்த சுழற்சியில், முகத்திற் காற்றுப் படாது நெடுநேரம் எஞ்சினை உழைக்க வைக்கின்றார். அவ்விடத்தே வெப்பந் தாங்கும் வலிமையே வேண்டப்படுவது. முழுச் சிந்தெற்றிக் ஒயில் வெப்பத்தில் எளிதிற் கெட்டுத் தடிப்பதில்லை. செமி சிந்தெற்றிக் ஒயிலிலோ, தடிப்பைக் காக்கச் சேர்க்கும் பல்பகுதியங்கள் பெரும்பாலும் மிகுதி. அவை நாளடைவில் அறுபட, ஒயிலும் மெலியும். இவ்வுண்மையை மறைத்தல் முறையன்று.

இனி எமது தீர்ப்பைக் கூறுவாம். ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஒரே சாதியன்று, மூன்று சாதி.

முதலாவது, டேர்போ பூட்டிய வண்டி. 1992இல் தோன்றிய மிற்சுபிசி லான்சர் எவலூஷனும் சுபாரு இம்ப்ரெசாவின் டேர்போ வகையும் இச்சாதியின. டேர்போவின் அச்சு செந்தணலாய்க் கொதிக்குமிடத்தில் நிமிடத்துக்கு இலட்சத்துக்கு மேற்பட்ட முறை சுழலக்கூடியது. ஆங்கே தரங்குறைந்த ஒயில் கரியாகப் படிந்துவிடும். இதற்கு, கைநூல் கூறும் தரத்து முழுச் சிந்தெற்றிக் ஒயிலே ஏற்றது. இவ்விடத்திற் சிக்கனம் பாராட்டுதல் பேதைமை. மலையேறி நின்றதும் உடனே சாவியைத் திருப்பாது, ஓரிரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிடுதலும் வேண்டும்.

இரண்டாவது, டேர்போ இல்லாத வண்டி. 1989இல் வெளிவந்த முதற் றலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ். 5 போன்றவை இதற்கு உதாரணம். இவற்றைப் பந்தயத் திடலுக்குக் கொண்டு செல்லாது, தோட்டத்துக்கும் பட்டினத்துக்குமிடையே ஓட்டுபவருக்குக் கைநூல் இடந்தருமாயின், 10 டபிள்யூ 40 செமி சிந்தெற்றிக் ஒயில் முற்றிலும் போதுமானது. ஆனால் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துமோ அதில் மாற்றிவிடல் வேண்டும். நாம் இவ்வகை வண்டியே வைத்திருக்கின்றோம், இவ்விதியையே கைக்கொள்கின்றோம்.

மூன்றாவது, துரைமார் காலத்து நினைவாகச் சிலர் பேணிவரும் பழைய வண்டி. 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. இத்தகையது. இதற்கு இரண்டும் வேண்டா. துத்தநாகமும் பொசுபரசும் போதிய அளவு சேர்ந்த 20 டபிள்யூ 50 சாதாரண ஒயிலே நன்று. புகையின் நச்சை மாற்றும் கருவியைக் காக்கும்பொருட்டு, 2004இன் எஸ்.எம். தரவிதி மெல்லிய ஒயில்களிற் பொசுபரசை 0.08 சதவீதத்துக்கு மேற்படாது கட்டுப்படுத்திற்று. புதிய எஞ்சினுக்கு அது நன்மை. பழைய எஞ்சினின் கேம் தண்டுக்கோ அது தேய்வைத் தரவல்லது. விலையுயர்ந்ததே சிறந்தது என்னும் கொள்கை இங்கே அடியோடு பொய்த்துவிடுகின்றது.

“பந்தயக்காரர் ஊற்றுவதையே நாமும் ஊற்றுவோம்” என்பாருமுளர். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியை நாம் மாணவப் பருவத்திலிருந்தே ஆவலுடன் பார்த்து வந்தோம். அங்கே வண்டி முழு வலிமையுடன் ஓடுவது சிறிது நேரமே. சில ஓட்டங்களின் பின் ஒயிலை மாற்றுவது பந்தயத்தார் வழக்கம். மாதக்கணக்கில் ஒரே ஒயிலுடன் ஓடும் நமக்கு அவர் வழக்கம் இலக்கணமாகாது.

எந்த ஒயிலாயினும் தன்னைத்தான் காத்துக்கொள்வதில்லை. பங்களாவிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்கு மூன்று கிலோமீற்றர் ஓடி நிற்கும் வண்டியின் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதேயில்லை. ஈரமும் அமிலமும் உள்ளே தங்கும். அதற்கு மருந்து, காலந் தவறாது மாற்றுவதன்றி விலையுயர்ந்த போத்தலன்று. 2003இலும் 2017இலும் களுகங்கை பெருகியபோது இரத்தினபுரியில் வண்டிகள் பல நீரில் மூழ்கின. அவ்வாறு நனைந்த வண்டியை ஒயில் மாற்றாது முடுக்குதல் அதனைக் கொல்லுதலே. ஒயில் பார்க்கும் கம்பியிற் பாற்றேநீரின் நிறங் கண்டால், தண்ணீர் கலந்தது என்று அறிக. வழியில் ஒயில் குறைந்திருக்கக் கண்டால், சிந்தெற்றிக்கும் செமி சிந்தெற்றிக்கும் கலக்கலாமா என்று அஞ்சித் தயங்கவும் வேண்டா. தகுந்த தரமும் எண்ணும் உடையதாயின் கலக்கலாம். குறைந்த ஒயிலுடன் ஓட்டுவதே பெருங்கேடு. எம் நண்பர் இதனை அறிந்து, கம்பியையும் பார்த்திருந்தால், தம்பியின் படிப்பு தடைப்பட்டிராது.

2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை நமது நாட்டிற் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தது. உள்ள வண்டியைப் பேணியவரே அக்காலத்தில் வண்டியுடையவராயிருந்தனர். அப்பாடத்தை மறவாதிருத்தல் நன்று. மற்றுமொன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்வதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. ஒருமுறை ஒயில் மாற்றும் செலவு பலருடைய பல நாட் கூலிக்கு நிகர். அவர்கள் நடுவே வாழும் நாம், வேண்டியவிடத்து வேண்டியதைச் செலவிட அஞ்சவுங் கூடாது. பெருமைக்காக ஒரு சதமும் வீசவுங் கூடாது.

‘ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. பழைய ஒயிலையோ அளந்தும் ஆற்றிற் போடலாகாது. எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிற்றையிலும் கானில் ஊற்றுவது களனி கங்கையைச் சேரும். அக்கங்கையின் நீரையே அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு மக்கள் பருகுகின்றனர். நம் பழைய மாணவரிற் பலர் அவர்களுள் உளர். கழித்த ஒயிலை மூடிய கலனிற் சேர்த்து, அதனைப் பெற்றுக்கொள்ளும் கராஜில் ஒப்படைத்தலே நாகரிகம்.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் நாளை நல்ல வண்டி வாங்குவீர்கள்; சிலர் கராஜிற் கைபழகி அவ்வண்டிகளைத் திருத்துவீர்கள். இருசாராரும் விளம்பரத்தைப் படிக்குமுன் கைநூலைப் படியுங்கள். ஊற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் ஓர் அட்டையில் எழுதிப் பொனற்றின் உட்புறம் தொங்கவிடுங்கள். வாரமொருமுறை கம்பியை இழுத்துப் பாருங்கள். முழுச் சிந்தெற்றிக்கா, செமி சிந்தெற்றிக்கா என்ற விவாதம் பழைய மாணவர் கூட்டங்களில் இன்னும் பல்லாண்டு நடக்கட்டும். வண்டிகள் அக்கூட்டங்களுக்குப் பழுதின்றி வந்து சேர்தலே எமது விருப்பம்.