மஞ்சள் கற்களும் நம் மனச்சான்றும்

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் நடந்து பழகிய மாணவர்கள், நடைபாதையில் மஞ்சள் நிறக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். சில கற்களில் நீளமான கோடுகள் மேடாக எழும்பியிருக்கும். சில கற்களில் வட்டப் புள்ளிகள் இருக்கும். அழகுக்காகப் பதித்தவை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அவை ஒருவகை எழுத்து. கண்ணால் அல்ல, காலாலும் கைக்கோலாலும் படிக்கும் எழுத்து. கோடு வந்தால், நேராக நடக்கலாம் என்று பொருள். புள்ளி வந்தால், நின்று கவனிக்க வேண்டும் என்று பொருள். முன்னால் சாலையோ படிக்கட்டோ திருப்பமோ இருக்கிறது.

இந்தக் கற்களை 1965ஆம் ஆண்டு உருவாக்கியவர் சேய்ச்சி மியாகே என்ற ஜப்பானியர். பார்வையை இழந்துகொண்டிருந்த நண்பர் ஒருவருக்கு உதவவே அவர் இதில் இறங்கினார். 1967இல் ஒகாயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள சாலையில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. ஒரு நண்பனுக்காகத் தொடங்கிய முயற்சி இன்று உலகின் பெருநகரங்களில் எல்லாம் பரவி, நம்முடைய எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. நிலையங்கள் வரைக்கும் வந்துவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இந்தக் கற்கள் மிகவும் தேவை. 1951இல் தோற்றுவிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்குதான் இருக்கிறது. பயிற்சிக்காக இங்கு வந்து, பிறகு இங்கேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டவர்கள் உண்டு. உடம்புபிடி நிலையங்களில் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. கேஎல் சென்ட்ரல் அருகில் இருப்பதால் இரயிலும் பேருந்தும் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. வெண்கோலைத் தட்டியபடி வேலைக்குப் போகிறவர்களை இந்த வட்டாரத்தில் எந்த நாளும் பார்க்கலாம்.

அந்தக் கற்களின்மேல் எதையெல்லாம் பார்க்கிறோம்? மோட்டார் சைக்கிள், கடையின் விளம்பரப் பலகை, சாப்பாட்டுக் கடையின் நாற்காலி, பெருநாள் காலத்தில் கூடுதலாகப் போட்ட மேசை, சில நேரம் கார். "இரண்டு நிமிடம்தான்" என்று நிறுத்திவிட்டுப் போன வண்டி அரை மணி நேரம் அங்கேயே நிற்கிறது. நமக்கு அது சுற்றிக்கொண்டு போகக்கூடிய சிறு தடை. கோலால் வழியைப் படித்துக்கொண்டு வருகிறவருக்கோ, புத்தகத்தின் நடுவில் கிழிக்கப்பட்ட பக்கம் அது. வண்டியைச் சுற்றிப் போகச் சாலையில் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு நடைபாதை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மறுபடியும் தேட வேண்டும். அதற்குள் பேருந்து வருகிறதா, லாரி வருகிறதா என்பதைக் காதால் மட்டுமே அவர் கணிக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்கு ஓர் உயிர் பணயமாகிறது.

ஈகை வேறு, ஒப்புரவு வேறு

நாம் இரக்கம் இல்லாதவர்களா என்றால், இல்லை. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தருகிறோம். 2021 டிசம்பரில் பெருவெள்ளம் வந்து ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டின் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் சிக்கியபோது, சொந்தப் படகுகளோடு போய் மீட்டவர்கள் சாதாரண மக்கள்தாம். குருத்துவாராக்களில் இன, சமய வேறுபாடின்றித் தொண்டர்கள் கூடி ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்து அனுப்பினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு அன்று காட்டிய மனிதநேயம் பொய்யில்லை.

அப்படியிருந்தும் மஞ்சள் கல்லின்மேல் வண்டி நிற்கிறது. இது ஏன்?

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அடுத்த 23ஆம் அதிகாரம் ஈகை. பள்ளியில் இரண்டையும் 'உதவி செய்தல்' என்ற ஒரே தலைப்பில் அடக்கிப் படித்துவிடுகிறோம். ஆனால் வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். அதிலும் ஒப்புரவை முன்னால் வைத்தார். ஈகை என்பது இல்லாதவருக்கு இருப்பவர் கொடுப்பது. ஒப்புரவு என்பது நாம் வாழும் ஊரின் தேவை அறிந்து, எல்லாருக்கும் பயன்படும்படி நடந்துகொள்வது. ஈகையில் கொடுக்கும் கை மேலேயும் வாங்கும் கை கீழேயும் இருக்கும். ஒப்புரவில் மேல் கீழ் கிடையாது. ஒரே ஊரில் வாழ்கிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் கடமை அது.

பார்வையற்ற ஒருவரின் கையில் ஒரு ரிங்கிட் கொடுக்க நாம் தயங்குவதில்லை. அவர் நடந்து வரும் பாதையில் இரண்டடி விட்டுக்கொடுக்கத்தான் மறந்துவிடுகிறோம். முதலாவது ஈகை, கொடுத்ததும் நமக்கே மனம் நிறைகிறது. இரண்டாவது ஒப்புரவு, அதை யாரும் கவனிப்பதில்லை, நன்றியும் வருவதில்லை. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு நம்முடைய ஒரு ரிங்கிட் தேவையில்லை. அவருக்கு வேண்டியது தடையில்லாத வழி. கேட்காததைக் கொடுத்துவிட்டு, உரிமையானதைப் பறித்துக்கொள்வது எப்படி அறமாகும்?

ஐந்தடி சொல்லும் பாடம்

இந்தக் கடமை நமக்குப் புதிதல்ல. பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையைப் பாருங்கள். மலாயில் 'காக்கி லீமா' என்பார்கள். ஐந்தடி என்று பொருள். 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் முன்பகுதியில் கூரையுள்ள நடைவழியைப் பொதுமக்களுக்குத் திறந்து விட வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் மலாயாவின் பிற நகரங்களுக்கும் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரம் மரத்தையும் அத்தாப்பையும் விட்டுச் செங்கல்லுக்கு மாறியது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகளால்தான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அந்தப் பெயரே வந்தது.

ஐந்தடியின் கணக்கு எளிமையானது. ஒவ்வொருவரும் தன் இடத்தில் ஐந்தடி விட்டுக்கொடுத்தால், தெரு முழுக்க மழையும் வெயிலும் படாத ஒரு வழி எல்லாருக்கும் கிடைக்கிறது. நடுவில் ஒரே ஒருவர் அடைத்துக்கொண்டால், அத்தனை பேர் விட்டுக்கொடுத்ததும் வீணாகிறது. மஞ்சள் கற்களின் கணக்கும் இதுதான். ஐந்நூறு மீட்டர் பாதையில் ஒரு மீட்டரை அடைத்தால், பாழாவது ஒரு மீட்டர் மட்டுமல்ல. முழுப் பாதையும் நம்பிக்கையை இழக்கிறது. எங்கே தடை இருக்கும் என்று தெரியாத பாதையை யார் நம்பி நடப்பார்?

அடைக்கிறவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கூட்டத்தில் நம் பொறுப்பு கரைந்துபோகிறது. டார்லி, லத்தானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. மற்றொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோன்ற குரல் கேட்கிறது. அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உடனே உதவிக்குப் புறப்பட்டார்கள். வேறு நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர்தான் அப்படிச் செய்தார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தவர்கள். தீபாவளிச் சந்தை நாளில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் ஆயிரம் பேர் நடக்கும்போது, வழியை அடைத்துக் கிடக்கும் பெட்டியை நகர்த்த ஒரு கையும் வராததற்குக் காரணம் இதுவே.

'மன்றத்தின் வேலைதானே?'

இதெல்லாம் மாநகர் மன்றம் கவனிக்க வேண்டியது என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. நடைபாதையையும் ஐந்தடியையும் மறிப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி குற்றம். நடவடிக்கை எடுக்க மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. கற்கள் பெயர்ந்து கிடந்தாலும், தூணில் போய் முட்டும்படி பதிக்கப்பட்டிருந்தாலும் சரிசெய்ய வேண்டியதும் அவர்களே. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொது இடங்களையும் போக்குவரத்தையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. ஆனால் அந்த உரிமையை மறுப்பவருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசுகிறவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டும் குறை இது. இந்தக் குறை நீங்க வேண்டும் என்று கேட்பதும் நம் கடமைதான்.

கடைக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. இடம் குறைவு, வாடகை அதிகம். உணவு கொண்டு செல்லும் இளைஞர்களுக்கும் உண்டு. வண்டி நிறுத்த இடமில்லை. தாமதமானால் வருமானம் போகும். இவற்றுக்கு மன்றம் வழி செய்ய வேண்டும். ஆனால் நெருக்கடி நமக்கு என்பதற்காக, அதைப் பார்க்கவே முடியாத ஒருவரின் தலையில் இறக்கி வைக்கலாமா? நம் வசதிக்கு விலை கொடுப்பவர், எதிர்த்துக் கேட்க வண்டி எண்ணைக்கூடப் படிக்க முடியாதவர். அதனால்தான் இது வண்டி நிறுத்தும் சிக்கலோடு நின்றுவிடாமல் அறச் சிக்கலாகிறது.

மேலும், மன்றம் கல்லைப் பதிக்கலாம். அதிகாரி நாளுக்கு இருமுறை வரலாம். மற்ற நேரமெல்லாம் அந்தப் பாதை நம் பொறுப்பில்தான் இருக்கிறது.

மாணவர்கள் செய்யக்கூடியது

முதலில், நாம் அடைக்காமல் இருப்போம். இரயில் நிலையத்தில் கைப்பேசியைப் பார்த்தபடி மஞ்சள் கல்லின்மேல் கூட்டமாக நிற்பதும் அடைப்பதுதான். இரண்டடி தள்ளி நின்றால் போதும்.

இரண்டாவது, நம் வீட்டாரிடம் பேசுவோம். வண்டியை நிறுத்தப் போகும் அப்பாவிடமோ அண்ணனிடமோ, அந்தக் கற்கள் எதற்காக என்று பணிவாகச் சொன்னால் கேட்பார்கள். பலருக்கு அது தெரியாததுதான் உண்மை.

மூன்றாவது, உதவுவதற்கும் ஒரு முறை உண்டு. பார்வையற்ற ஒருவர் தடுமாறுவதைக் கண்டால், ஓடிப்போய்க் கையையோ கோலையோ பிடித்து இழுக்காதீர்கள். முதலில் குரல் கொடுங்கள். உதவி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரையடி முன்னால் நடங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாமல் விலகுங்கள். அவருக்கு வழி தெரியும். வழி மறிக்கப்படாமல் இருந்தால் போதும்.

நான்காவது, உயர்கல்விக்கூடங்களில் கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், பொறியியல் பயிலும் மாணவர்கள் தங்கள் பணித்திட்டத்துக்கு இந்தப் பாதைகளையே எடுத்துக்கொள்ளலாம். எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே பாதை பாதியில் முடிகிறது, எந்த நேரத்தில் எது அடைக்கிறது என்று வரைபடம் தயாரித்து மன்றத்திடம் கொடுக்கலாம். ஆனால் அங்கு நடக்கும் பார்வையற்றவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். ஒருநாள் கூடி, படம் பிடித்து, சமூக ஊடகத்தில் போட்டுவிட்டுக் கலையும் தொண்டு நமக்கு வேண்டாம். மறுநாள் காலையிலும் அவர் அதே பாதையில்தான் வேலைக்குப் போக வேண்டும்.

நன்னெறிக் கல்விப் பாடத்தில் பரிவு, பொறுப்புணர்வு, பிறரை மதித்தல் என்று பண்புகளை எழுதிப் புள்ளி வாங்குகிறோம். ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும் என்பதைச் சபைகூடலில் சொல்லியும் வருகிறோம். தேர்வில் கேள்வி தெளிவாக இருக்கும். எந்தப் பண்பு என்று குறிப்பும் கிடைக்கும். தெருவில் அப்படிக் கேள்வி வருவதில்லை. அங்கே ஒரு மஞ்சள் கல் இருக்கிறது. அதன்மேல் ஒரு வண்டி இருக்கிறது. தூரத்தில் ஒரு கோல் தட்டும் ஓசை கேட்கிறது. அது நம் வண்டியாக இருந்தால் எடுத்துவிடுவோம். வேறொருவருடையதாக இருந்தால், உரியவரைக் கண்டு சொல்வோம். கண்டுபிடிக்க முடியாவிட்டால், வருகிறவருக்குக் குரல் கொடுப்போம். மூன்றில் ஒன்றைச் செய்ய எவருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.