கலாமுக்கு அடுத்த ஆள்

பள்ளி விழாவில் பேசக் கூப்பிட்டால் இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையில் எல்லோரும் கலாமைத்தான் எடுக்கிறார்கள். ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன், சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்; பிறகு ராக்கெட். நல்ல கதைதான். ஆனால் அப்படி ஒரு விழாவில் கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், இன்ஜினியருன்னா டெய்லி காலைல போயி என்ன சார் செய்வாங்க?" ஆசிரியர் முறைத்தார். அன்றைக்கு அங்கே பேசப்பட்டதில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பேன்.

அவன் தெருவில் தோணித் தண்டல் உண்டு, விசைப்படகு டிரைவர் உண்டு, வளைகுடாவுக்குப் போன வெல்டர் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இன்ஜினியர் கிடையாது.

அதற்காக அந்தத் தெருவுக்குப் பொறியியல் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளை இவ்வூர் ஓடாவிகள் வரைபடம் இல்லாமலே கட்டியவர்கள். சங்கு குளிக்கிறவர்கள் படகில் ஓடும் கம்பிரசரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கி அடியில் வேலை பார்க்கிறார்கள். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. வேகமாக மேலே வந்ததால் மூட்டு வலியில் முடங்கிய சித்தப்பா வீட்டில் இருந்தால், அந்த வரி பிள்ளைக்கு மறக்குமா? அந்தப் பாடத்தின்போது சித்தப்பாவை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். அவருக்கு ஆபத்தில்லாத ஒரு கருவி செய்வதும் இன்ஜினியர் வேலைதான் என்று சொல்லிவிட்டால், பையன் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

வேலையும் இப்போது பக்கத்தில் வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும்; எரிபொருள் வீண். சிறிய ராக்கெட்டுக்கு அது தாங்காது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகப் போகலாம் என்பதால்தான் 2024 பிப்ரவரியில் அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தது. நம் பிள்ளைகளுக்கு உள்ளே நாற்காலியா, வாசலில் காவலாளி சீருடையா என்பதுதான் எனக்குக் கவலை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021-ல் பொறியியல் படிப்புக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே கட்டுகிறது. ஆனால் அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் படிப்பது திருச்சபை நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளில். மேற்படிப்புக்கு உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டத்தை உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் விரித்ததை 2024 டிசம்பரில் தூத்துக்குடியில்தான் தொடங்கி வைத்தார்கள். அந்த மனசு 7.5-க்கும் வரலாமே!

பணத்துக்கு அரசு வழி செய்தாலும், பையன் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட அதே 1974-ல், லாஸ் ஏஞ்சல்ஸில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பொறியாளர்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தம் இனத்துப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்பது நோக்கம். அவர்கள் 'அறிவியல் இரவு' ஒன்று நடத்துகிறார்கள். பிள்ளையோடு குடும்பமும் வர வேண்டும். இதை அப்படியே திருடலாம் என்பேன். பிள்ளை எங்கே போய்ப் படிப்பது என்பதை நம் வீடுகளிலும் அம்மாதான் கடைசியில் முடிவு செய்கிறாள். அவளிடம் யாரும் பேசுவதில்லை.

இடமும் நேரமும் தயாராக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்திலேயே நாற்காலி போடலாம். மேடை, பொன்னாடை, மைக் வேண்டாம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் இளம் இன்ஜினியர் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் போதும். முதல் சம்பளம் எவ்வளவு, கணக்கில் ஃபெயிலானாளா, இரவு ஷிப்டு உண்டா, விடுதியில் மீன்குழம்பு கிடைக்குமா என்று அம்மாக்கள் கேட்கட்டும். பின்வரிசைப் பையனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்; அவன் இன்னும் கேட்பான்.