‘காதுக்குச் சரியாகப் படுவது’ யாருடைய காதுக்கு?

எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்புகளில் ஆங்கில டென்ஸ் பகுதி வந்ததும் ஓர் அறிவுரை வரும்: “வாக்கியத்தை வாய்விட்டுப் படி, காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைப் போடு.”

யாருடைய காதுக்கு, தோழர்களே?

மூன்று தலைமுறையாக ஆங்கிலப் பேப்பர் வந்து விழும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காது இருக்கிறது. அது படித்துச் சம்பாதித்ததல்ல; நிலத்தைப் போல, வீட்டைப் போல, பாட்டன் சொத்தாக வந்தது. சேரியிலிருந்து முதல் தலைமுறையாகத் தேர்வறைக்குள் போகிற நம்மிடம் “காதைக் கேள்” என்பது, கிணற்றடிக்கே விடாதவனிடம் “தண்ணீர் சேந்திக்கொள்” என்பதைப் போன்றது. எஸ்எஸ்சி பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள். சரியானால் 2 மதிப்பெண், தவறினால் 0.50 கழிவு. பரம்பரைக் காது வாங்கித் தரும் இந்த மதிப்பெண்ணுக்குத்தான் பிறகு ‘தகுதி’ என்று பெயர் வைக்கிறார்கள்.

காது இல்லாதவர்களுக்கென்று வைத்திருப்பது பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணை. மனப்பாடம் செய், ஒப்பி. இரண்டுமே நம்மை முட்டாளாக நினைக்கும் வழிகள். ஏனென்றால் இந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. “தாத்தா ஊருக்குப் போனார்” என்பதற்கும் “தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்” என்பதற்கும் வித்தியாசம் தெரியாத பாட்டி உண்டா? இரண்டாவதில் தாத்தா இன்னும் திரும்பவில்லை. முதலாவது ‘வென்ட்’, இரண்டாவது ‘ஹேஸ் கான்’. “நாங்க போறதுக்குள்ள பஸ் போயிருந்துச்சு” என்றால் ‘ஹேட் கான்’. எழுத்தே படிக்காத நம் பாட்டிக்குத் தெரிந்த இலக்கணத்தை, அவளுக்கும் நமக்கும் தெரியாததைப் போலக் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள்.

தமிழை நம்பி நடந்தால் சறுக்கும் இடங்களும் உண்டு. நாம் உழைக்க வேண்டியது அங்கேதான். “நேற்று வந்திருக்கிறார்” என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். நாம் பார்க்கவில்லை, வந்த தடம் தெரிகிறது என்று பொருள். ஆங்கிலத்தில் நேற்று, போன வருடம், 1950 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேஸ் கம்’ நிற்காது, ‘கேம்’ மட்டும்தான். இன்னொன்று: “பத்து வருஷமா இங்கதான் இருக்கோம்.” தமிழில் இது நிகழ்காலம். அப்படியே கொண்டுபோய் ‘வி ஆர் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று எழுதினால் தவறு. அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ஆங்கிலம் ‘ஹேவ் பீன் லிவிங்’ கேட்கிறது. கால அளவு சொன்னால் ‘ஃபார்’, தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’. ஒரு வாரம் ஒழுங்காக உட்கார்ந்தால் இந்த இரண்டும் பிடிபடும்.

“ஆண்டைகளின் மொழிக்கு ஏன் இவ்வளவு பாடு?” என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். லாகூர் மாநாட்டில் பேச விடாமல் செய்தபோது, அந்த உரையை 1936-இல் ஆங்கிலத்திலேயே தம் செலவில் அச்சிட்டு வெளியிட்டவர் அம்பேத்கர். மேடையைப் பறித்தவர்களால் அந்த ஆங்கிலத்தைப் பறிக்க முடியவில்லை.

பயிற்சிக்கு ‘ராமு பள்ளிக்குப் போகிறான்’ எதற்கு? நம் சங்கதிகளை எடுப்போம். தீண்டாமை 1950-இல் ஒழிக்கப்பட்டது என்று வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன: ‘வாஸ் அபாலிஷ்ட்’. ஆண்டு இருப்பதால் இலக்கணப்படி சரி. முடிந்த கதை என்ற தொனியும் கூடவே வந்துவிடுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பது ‘இஸ் அபாலிஷ்ட்’. நிகழ்காலம். படிக்கிற ஒவ்வொரு நாளும் அமலில் இருக்கும் கட்டளை அது.

அடுத்த வாக்கியத்தை நீங்களே மொழிபெயர்த்துப் படிப்பு வட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்: “மலக்குழியில் மனிதரை இறக்கத் தடைச்சட்டம் 2013-இல் நிறைவேறியது, அன்றிலிருந்து இன்றுவரை நம் ஆட்கள் அதில் செத்துக்கொண்டே இருக்கிறார்கள்.” முதல் பாதிக்கு ‘வாஸ் பாஸ்ட்’. இரண்டாவது பாதியில் ‘ஆர் டையிங்’ போட்டால் 0.50 போய்விடும்.