வட்டமும் சதுரமும்

சென்ற மாதம் இல்லச் சந்திப்புக்குச் சென்றிருந்தோம். பீடப்பணி செய்யும் சிறுவன் ஒருவன் காய்ச்சலில் படுத்தவாறே, தாயின் கைப்பேசியில் 'சக்திமான்' பார்த்துக்கொண்டிருந்தான். அருகே அமர்ந்தோம். நம் கண்ணுக்குப் பட்டவை செந்நிறச் சதுரங்கள் சிலவே.

1997-இல் தூர்தர்ஷனில் அத்தொடர் தொடங்கியபோது நாம் உதவிப் பங்குக்குரு. பின்னர் ஞாயிறு நண்பகலில் அது ஒளிபரப்பான காலத்தில், மறைக்கல்வி வகுப்பு ஐந்து நிமிடம் நீண்டாலும் சிறுவர் நெளிவர். வகுப்பு முடிந்ததும் அறைவீட்டுத் தொலைக்காட்சி முன் கூடுவர். ஒருவன் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவான். இந்தி எவருக்கும் விளங்காது. சக்திமான் சுழன்றால் போதும். படத்தில் புள்ளி பறக்கிறதென்று அன்று குறைப்பட்டுக்கொண்டோம். ஆயினும் அப்படத்திற்கு 576 கோடுகள். இச்சிறுவன் பார்த்ததோ 144. சரியாகக் கால் பங்கு.

இத்தகைய படத்தில் பெரும்பாலும் முந்தைய காட்சியினின்று மாறியவை மட்டுமே அனுப்பப்படுகின்றன. வீரன் அசையாது நின்றால் உருவம் ஓரளவு தெளியும். அவன் சுழலத் தொடங்கியதும் யாவும் ஒருங்கே மாறும். அனுப்பக் கிடைக்கும் அளவோ சிறிது. எனவே வட்டம் சதுரங்களாய்ச் சிதறும். வீரன் தன் ஆற்றலைக் காட்டும் வேளையில்தான் அவனைக் காண இயலவில்லை! முகேஷ் கன்னா ஏற்ற மற்றொரு வேடமான கங்காதருக்கு மூக்குக்கண்ணாடியும் துருத்திய பற்களுமே மாறுவேடம். அவையும் மறைந்துபோயின. தீயவர் எவரும் ஏமாந்திருக்கமாட்டார்.

"கண் கெடுமே, தெளிவாக வைத்துப் பாரேன்" என்றோம், சற்று அதட்டலாகவே. சிறுவன் தலைகவிழ்ந்தான். தாய்தான் விடை கூறினார்.

"ஒரு நாளைக்கு இவ்வளவுன்னுதான் டேட்டா வருது சாமி. ராத்திரி குவைத்துல இருந்து அவங்க அப்பா கூப்பிடுவாங்க. அதுக்கு மிச்சம் வைக்கணும்னு இவனே குறைச்சு வச்சுக்குவான்."

வீடு தேடிச் சென்றால் அறிவுரை ஒன்று கூறியே தீர்வது நம் பழக்கம். அன்று நாவைக் கடித்துக்கொண்டோம்.

அன்றைக்கு அழைப்பு வழக்கத்திற்கு முன்னரே வந்துவிட்டது. பணி முடிந்து வண்டியில் வரும் வழியில் பேசினாராம். தந்தையின் முகமும் சதுரங்களாகவே தோன்றிற்று. மூக்கெது, மீசையெது என்று நமக்குப் புலப்படவில்லை.

"அப்பா, முடி வெட்டிட்டீங்களா?" என்றான் சிறுவன்.