ஓர் அணிக்கு ஓர் இடம்: லீக் நின்றால் கோல்கீப்பரின் தொழில் வாழ்க்கை என்னவாகும்?

மைசூரு: இந்திய கால்பந்து அணியின் மூத்த கோல்கீப்பரும் பெங்களூரு எஃப்சி வீரருமான குர்பிரீத் சிங் சந்து, 2026 பிப்ரவரி 3-ஆம் தேதியுடன் 34 வயதை நிறைவு செய்தார். அவர் விளையாடும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடர், வழக்கமான செப்டம்பர் மாதத்தைத் தாண்டி, ஐந்து மாதத் தாமதத்துக்குப் பிறகு 2026 பிப்ரவரி 14-ஆம் தேதி தொடங்கும் என அறிவிக்கப்பட்டது.

கால்பந்தில் நீண்ட காலம் நிலைப்பவர்கள் கோல்கீப்பர்கள் என்பது பொதுவான கருத்து. இத்தாலியின் டினோ சோஃப் 1982-ல் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியபோது அவருக்கு வயது 40. எகிப்தின் எஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் களமிறங்கியபோது 45 வயதைக் கடந்திருந்தார். அந்தக் கணக்கில் பார்த்தால் 34 வயது என்பது நடுவயதே. ஆனால் அந்த நீண்ட ஆயுள், தொடர்ந்து ஆட்டங்கள் கிடைத்தால் மட்டுமே கைகூடும். இந்தியாவில் 2025 ஏப்ரலுக்குப் பிந்தைய பத்து மாதங்களில் கேள்விக்குள்ளானது அதுதான்.

பத்து மாத வெற்றிடம்

2025 ஏப்ரல் 12 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஐஎஸ்எல் இறுதிப்போட்டி நடைபெற்றது. கூடுதல் நேரம் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் பெங்களூரு எஃப்சி, மோகன் பகானிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றது. அதன்பின் பத்து மாதங்களுக்கு ஐஎஸ்எல் லீக் ஆட்டம் எதுவும் நடைபெறவில்லை.

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும், தொடரை நடத்திவந்த கால்பந்து விளையாட்டு மேம்பாட்டு நிறுவனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடையவிருந்தது. புதிய ஒப்பந்தம் உறுதியாகாத நிலையில், 2025-26 தொடர் நிறுத்திவைக்கப்படுவதாக ஜூலை மாதத்தில் அந்நிறுவனம் தெரிவித்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெங்களூரு எஃப்சி, முதல் அணி வீரர்கள் மற்றும் பணியாளர்களின் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்சியும் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்தியது.

இடையில் அக்டோபர் இறுதியில் கோவாவில் தொடங்கிய சூப்பர் கோப்பை மட்டுமே ஆறுதல். 2026 ஜனவரித் தொடக்கத்தில் குர்பிரீத், சுனில் சேத்ரி, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்ட வீரர்கள், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தலையிட வேண்டும் எனக் காணொளி வாயிலாக வேண்டுகோள் விடுத்தனர். சில நாட்களில், 14 அணிகளும் பங்கேற்கும் தொடர் பிப்ரவரி 14-ல் தொடங்கும் என மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார்.

தொடர் திரும்பிவிட்டது, ஆட்டங்கள் முழுமையாகத் திரும்பவில்லை. 2024-25 தொடரில் 13 அணிகள் மோதின. லீக் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டங்கள் கிடைத்தன. 2025-26 தொடருக்கு அறிவிக்கப்பட்ட மொத்த ஆட்டங்கள் 91. அதாவது ஓர் அணிக்கு 13 ஆட்டங்கள். முந்தைய தொடரின் பாதியைச் சற்றே தாண்டும் எண்ணிக்கை.

பதினான்கு பேருக்கான வேலை

இந்தக் குறைவு எல்லா வீரர்களையும் பாதிக்கும். கோல்கீப்பர்களை அது கூடுதலாகப் பாதிப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. 14 அணிகளில் களமிறங்கும் பிற வீரர்களுக்கான இடங்கள் 140. கோல்கீப்பர்களுக்கான இடங்கள் 14 மட்டுமே.

ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்க விதி இடமளிக்கிறது. களைத்துப்போன முன்கள வீரருக்குப் பதிலாக இளம் வீரர் ஒருவர் கடைசி 15 நிமிடங்கள் ஆடித் தம் திறமையைக் காட்ட முடியும். கோல்கீப்பருக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதல்நிலை கோல்கீப்பர் காயமடையவோ, சிவப்பு அட்டை பெறவோ, தொடர்ந்து தவறு செய்யவோ வேண்டும். அதுவரை இரண்டாமவர் காத்திருக்க வேண்டியதுதான். தொடர் பாதியாகச் சுருங்கும்போது, மூன்றாம் நிலையில் உள்ள இளைஞர் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஓராண்டைக் கழிக்க நேரிடலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களுக்கே அனுமதி என்பதால், கழகங்கள் அந்த இடங்களைப் பெரும்பாலும் முன்களத்துக்கும் நடுக்களத்துக்கும் ஒதுக்குகின்றன. கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பவர் பெரும்பாலும் இந்தியராகவே இருக்கிறார். ஆக, இந்திய இளைஞருக்கு ஓரளவு திறந்திருக்கும் கதவு இது. ஆனால் அக்கதவின் வழியே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழைய முடியும்.

காத்திருப்பின் விலை

குர்பிரீத்தின் பாதையே இதற்குச் சான்று. ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் தொடங்கிய அவர், 2014 ஆகஸ்டில் நார்வேயின் ஸ்டாபெக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த சயூபா மாண்டே முதல்நிலை கோல்கீப்பராக இருந்தார். நார்வேயின் முதல்நிலை லீக்கில் குர்பிரீத்துக்கு முதல் ஆட்டம் கிடைத்தது 2016 மே மாதத்தில்தான். அடுத்த மாதமே யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் களமிறங்கி, அத்தொடரில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். ஒரு வரலாற்றுச் சாதனைக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மாற்று வீரர் இருக்கையில் கழிந்தன.

2017 ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சியில் இணைந்தபின் நிலைமை மாறியது. தொடர்ந்து ஆட்டங்கள் கிடைத்தன. 2018-19-ல் அணி ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருது அவருக்கு அடுத்தடுத்து இருமுறை கிடைத்தது. 2019-ல் அர்ஜுனா விருது பெற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று, ஆசிய சாம்பியனான கத்தாரை அதன் சொந்த மண்ணில் இந்தியா 0-0 எனத் தடுத்து நிறுத்தியபோது, உடல்நலம் குன்றிய சேத்ரிக்குப் பதிலாக அணியை வழிநடத்தியவர் அவரே. 2023 ஜூலையில் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் குவைத்துக்கு எதிரான தெற்காசிய சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில், கடைசி பெனால்டியைத் தடுத்துக் கோப்பையை உறுதி செய்தார்.

அவ்வளவுக்குப் பிறகும் இடம் நிரந்தரமாகவில்லை. மனோலோ மார்க்வெஸ் பயிற்சியாளராக இருந்தபோது, 2025-ல் வங்கதேசம், ஹாங்காங் அணிகளுக்கு எதிரான ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று ஆட்டங்களில் மோகன் பகானின் விஷால் கைத் கோல் காத்தார். காலித் ஜமீல் பொறுப்பேற்றபின் குர்பிரீத் மீண்டும் அழைக்கப்பட்டார். செப்டம்பரில் தஜிகிஸ்தானில் நடைபெற்ற மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பையின் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில், ஓமனின் கடைசி பெனால்டியைத் தடுத்தார். அந்த நேரத்தில் அவருடைய கழகத்தின் லீக் எப்போது தொடங்கும் என்பது யாருக்கும் தெரியாது.

பழைய பாதுகாப்பு

இந்தியாவின் புகழ்பெற்ற கோல்கீப்பரான பீட்டர் தங்கராஜின் வாழ்க்கை வேறு அடித்தளத்தில் அமைந்தது. 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்த அவர் ராணுவத்தில் சேர்ந்தார். மைசூருவுக்கு அண்மையிலுள்ள நீலகிரியின் வெலிங்டனில் இயங்கும் மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணிக்காக ஆடினார். அந்த அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டுராண்ட் கோப்பையை வென்றது. 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்ற அவர், பின்னர் கொல்கத்தாவின் மூன்று பெரும் கழகங்களுக்கும் விளையாடினார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். இறுதிப்போட்டியில் அந்த இடம் தங்கராஜிடம் வந்தது. தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. நாட்டின் மிகப் பெரிய கால்பந்து வெற்றியின் நாளில்கூட, ஒரு கோல்கீப்பரின் வாய்ப்பு மற்றொருவரின் காத்திருப்பாகவே அமைந்தது.

அன்றைய வீரருக்கு ஆட்டம் கைவிட்டாலும் பணி கைவிடாது. ராணுவம், ரயில்வே, பொதுத்துறை ஆலைகள் ஆகியவை வீரர்களை ஊழியர்களாகச் சேர்த்துக்கொண்டன. பெங்களூருவில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும் (ஐடிஐ), இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும் (எச்ஏஎல்) நடத்திய அணிகள் அந்த மரபில் வந்தவை. எச்ஏஎல் அணி 2010-களின் தொடக்கத்தில் ஐ-லீக் வரை முன்னேறியது. அன்று ஊதியம் குறைவு. ஆனால் கோல் கம்பத்தை விட்டு விலகினாலும் மாதச் சம்பளம் வந்தது.

இன்று நிலைமை தலைகீழ். ஊதியம் பன்மடங்கு உயர்ந்துள்ளது. அதைத் தாங்கி நிற்பது ஒப்பந்தம் ஒன்றே. இரண்டு மாத ஊதியம் நிலுவையானால், 15 நாள் அவகாசம் தந்து ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதிகள் வீரருக்கு உரிமை அளிக்கின்றன. முன்கள வீரர் அந்த உரிமையைப் பயன்படுத்தி வேறு கழகம் தேடலாம். கோல்கீப்பர் தேடிச் செல்லும் கழகத்தில், அந்த ஒற்றை இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருப்பார். சட்டம் தரும் உரிமை ஒன்றுதான். அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு சமமானது அல்ல.

மண்டி மொஹல்லாவிலிருந்து பார்த்தால்

மைசூருவின் பழைய வணிகப் பகுதிகளுள் ஒன்றான மண்டி மொஹல்லா போன்ற இடத்தில், கையுறை அணிந்து கோல் காக்க விரும்பும் ஒரு சிறுவனின் குடும்பத்துக்கு இந்தச் செய்திகள் சொல்வது என்ன?

திறமைக்கு மாநிலத்தில் பஞ்சமில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கோல் காத்தவர் பெங்களூருவைச் சேர்ந்த கே.வி. வரதராஜ். பழைய மைசூரு மாநில அணி நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்றது. 54 ஆண்டு இடைவெளிக்குப் பின், 2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் மேகாலயாவை 3-2 என வீழ்த்திக் கர்நாடகம் மீண்டும் அக்கோப்பையைக் கைப்பற்றியது.

சிக்கல் படிக்கட்டுகளில் உள்ளது. மாநிலத்தின் முக்கிய லீக் ஆட்டங்கள் பெங்களூருவில் நடைபெறுகின்றன. மைசூருவிலிருந்து அது ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவு. கோல்கீப்பருக்கோ தனிப் பயிற்சியாளர் தேவை. பாதுகாப்பு வீரர் காலால் தரும் பந்தை கோல்கீப்பர் கையால் பிடிக்கக்கூடாது என்ற விதி 1992-ல் வந்தபின், காலால் பந்தை ஆளும் திறனும் கட்டாயமாகிவிட்டது. 2025-ல் அமலான விதியின்படி, பந்தை எட்டு விநாடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர் கிட்டும். தெருவோர மைதானத்தில் தாவிப் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். இவற்றை முறையான பயிற்சியும் தொடர்ச்சியான போட்டியுமே கற்றுத்தரும்.

எனவே உச்சநிலை லீக் தொடங்குவது மட்டும் தீர்வாகாது. மாற்று கோல்கீப்பர்களும் இளைஞர்களும் ஆடுவதற்கு ரிசர்வ் அணிகளின் போட்டிகளும் மாவட்ட லீக்குகளும் ஆண்டு முழுவதும் நடைபெற வேண்டும். ஊதியம் நிறுத்தப்படும் காலத்தில் வீரர்களைத் தாங்க ஒரு பொது நிதி இருக்க வேண்டும். அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் உள்ள விளையாட்டு ஒதுக்கீடு, கழக ஒப்பந்தம் கிடைக்காதவர்களுக்கு மாற்று வழியாகத் தொடர வேண்டும். கல்வியைக் கைவிடாமல் கையுறையை அணிவதே, இப்போதைக்குக் குடும்பங்கள் எடுக்கக்கூடிய பாதுகாப்பான முடிவு.

குர்பிரீத்துக்கு 13 ஆட்டங்கள் என்பது, நீண்ட பயணத்தில் சுருங்கிப்போன ஓர் ஆண்டு. அவருடைய பெயரும் சாதனைகளும் அந்த இழப்பைத் தாங்கும். 19 வயதில் மூன்றாம் நிலையில் காத்திருக்கும் கோல்கீப்பருக்கு அந்த வலிமை இல்லை. அடுத்த தொடர் செப்டம்பரில் உரிய காலத்தில், முழு எண்ணிக்கையிலான ஆட்டங்களுடன் தொடங்குகிறதா என்பதைப் பொறுத்தே, அவர் கோல்கீப்பராகத் தொடர்வாரா அல்லது வேறு வேலை தேடுவாரா என்பது முடிவாகும்.