பெரிய சைஸ் என்றால் அகலம் மட்டும்தானா?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஏதாவது ஒரு நைட்டிக் கடைக்குள் ஒரு கர்ப்பிணிப் பெண் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதம். உயரம் 5 அடி 9 அங்குலம்.

"அண்ணா, ஃபீடிங் நைட்டி இருக்கா? நல்லா நீளமா வேணும்."

கடைக்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டபுள் எக்ஸ்எல் ஒன்றை எடுத்துப் போடுவார். "இருக்கறதுலயே பெருசு இதுதாம்மா."

பெரிசுதான், சந்தேகமே இல்லை. அதற்குள் அவரைப் போல இரண்டு பேர் நுழையலாம். ஆனால் நீளம்? எக்ஸ்எல்லுக்கு என்ன நீளமோ ஏறக்குறைய அதேதான், 54 அல்லது 56 அங்குலம். நம் ஊர் ரெடிமேடு உலகத்தில் சைஸ் ஏற ஏற மனிதர்கள் பக்கவாட்டில் மட்டும்தான் வளர்கிறார்கள்!

படிப்பவர்கள் சிரிக்கலாம். நைட்டி நீளமெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

எட்டாம் மாதத்தில் வயிறு துணியை முன்னால் தூக்கிவிடும். ஏற்கெனவே கணுக்காலுக்கு மேல் நின்ற நைட்டி முன்பக்கம் இன்னும் ஏறிவிடும். உடம்பு நீளமாக இருப்பதால் ஃபீடிங் ஜிப் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே போய் நிற்கும். மெட்டர்னிட்டி டாப்பில் மார்புக்குக் கீழே வர வேண்டிய தையல் மார்பின் மேலேயே வந்து உட்காரும். லெக்கின்ஸின் வயிற்றுப் பட்டி பாதி வயிற்றோடு நின்றுவிடும். இதற்கெல்லாம் பயந்து இரண்டு சைஸ் கூட்டி வாங்கினால் தோள் நழுவும், பக்கவாட்டில் துணி தொங்கும். அந்தத் தொங்கும் துணியோடுதான் எம்.டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏற வேண்டும், டூவீலரில் பின்னால் உட்கார வேண்டும், ஆவடியில் எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்க வேண்டும். சக்கரத்திலோ படியிலோ துணி சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"எதுக்கு இதெல்லாம், புடவை கட்டிக்கலாமே" என்று பாட்டிகள் சொல்வார்கள். பாதி நியாயம் இருக்கிறது. உலகத்திலேயே நல்ல கர்ப்பகால உடை புடவைதான். மூன்றாம் மாதமானாலும் ஒன்பதாம் மாதமானாலும் அதே ஐந்தரை மீட்டர், சைஸ் பிரச்சினையே கிடையாது. ஆனால் புடவைக்கும் பன்னா என்று ஒன்று இருக்கிறதே. 45 அங்குலப் பன்னா, 5 அடி 2 அங்குலப் பெண்ணுக்குத் தாராளம். 5 அடி 9 அங்குலத்துக்கு அது கொஞ்சம் இழுபறிதான். வயிறு பெரிதாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். உள்ளே கட்டும் பாவாடையும் ரெடிமேடில் நீளம் கிடைக்காது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இது நடப்பது துணி தைக்கத் தெரியாத ஊரில் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்கு ஆடை தைத்து அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன. ஆவடியில் 1961-ல் தொடங்கிய படைத்துறை உடைத் தொழிற்சாலை, ராணுவத்துக்கே சீருடை தைக்கிறது. அங்கே "இருக்கறதுலயே பெருசு இதுதான்" என்று சொல்லிச் சிப்பாயைத் திருப்பி அனுப்ப முடியுமா? அதே ஆவடியில் 2022 ஜனவரி 1 முதல் தனி போலீஸ் கமிஷனரகமும் இயங்குகிறது. தமிழ்நாட்டில் பெண் காவலர் வேலைக்குக் குறைந்தபட்ச உயரம் பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 157. இந்தியப் பெண்ணின் சராசரி உயரமோ சுமார் 152 செ.மீ. அதாவது சராசரியை விட உயரமான பெண்களை அரசாங்கமே அளந்து எடுத்து வேலை கொடுக்கிறது. அவர்களுக்கும் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். அந்தப் பத்து மாதத்துக்கு என்ன உடுத்துவார்கள் என்று யோசித்த கடை எது?

உடை ஒரு பக்கம் இருக்கட்டும். உயரமான கர்ப்பிணிகள் சுமக்கும் இன்னொரு தொல்லை ஊர் வாய்.

முதல் வாய்: "ஏழு மாசமா? வயிறே தெரியலையே!" நீளமான உடம்பில் குழந்தைக்கு மேலும் கீழும் இடம் இருப்பதால் பெரும்பாலும் வயிறு முன்னால் அவ்வளவாகத் தள்ளாது. இதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்ணுக்கு பயத்தை உண்டாக்கிவிடுவார்கள். குழந்தையின் வளர்ச்சியைச் சொல்ல வேண்டியது டாக்டரின் டேப்பும் ஸ்கேனும்தான், எதிர்வீட்டுக்காரர் கண் அல்ல. பஸ்ஸில் சீட்டும் கிடைக்காது. தெரியாத வயிற்றுக்கு யார் எழுந்து இடம் கொடுப்பார்கள்?

இரண்டாவது வாய் இன்னும் ஆபத்தானது. "உனக்கென்னம்மா, நெடுநெடுன்னு இருக்கே, சுகப்பிரசவம்தான்." வளைகாப்பில் வளையல் போடும்போதே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

இதில் துளி உண்மை இருக்கிறது. மிகவும் குள்ளமான தாய்க்கு இடுப்பெலும்பு குறுகலாக இருந்து பிரசவம் தடைபட வாய்ப்பு கூடுதல். அதனால்தான் 140 செ.மீ.க்குக் கீழே உள்ள கர்ப்பிணிகளைத் தனிக் கவனத்தோடு பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு "உயரம் என்றால் நிச்சயம் சுகப்பிரசவம்" என்பது கணக்கே அல்ல. குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருக்கலாம், நஞ்சு கீழே இறங்கியிருக்கலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். இவற்றில் எதுவும் அம்மாவின் உயரத்தைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பெண்களின் இடுப்பெலும்பு சுருங்கிவிடுகிறதா என்ன? பல பிரசவங்களில் முடிவைத் தீர்மானிப்பது உடம்பு மட்டும் அல்ல, எந்தக் கட்டிடத்துக்குள் நுழைகிறோம் என்பதும்தான் என்று இந்த எண்கள் சொல்கின்றன.

அதற்காக சிசேரியன் என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டுவதும் தப்பு. தேவைப்படும் நேரத்தில் அது இரண்டு உயிரைக் காப்பாற்றும். "நமக்குத்தான் சுகப்பிரசவம் ஆகுமே" என்ற நம்பிக்கையில் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று கிளம்புவது அதைவிடப் பெரிய விபரீதம். பிரச்சினை என்னவென்றால், ஊர் எழுதிய தீர்ப்பை நம்பிய பெண் எதையும் கேட்டு வைப்பதில்லை. கடைசி நேரத்தில் ஆபரேஷன் என்றதும் இடிந்துபோகிறார். "இவ்ளோ உயரம் இருந்தும் முடியலையா" என்று வீட்டிலும் பேசுவார்கள், ஏதோ பரீட்சையில் ஃபெயில் ஆனதுபோல!

கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. இங்கே நூற்றுக்கு எத்தனை சிசேரியன்? வலி வந்தபின் நடக்க விடுவீர்களா? துணைக்கு அம்மாவையோ அக்காவையோ உள்ளே விடுவீர்களா? வசதியான நிலையில் இருந்து பெற்றுக்கொள்ளலாமா? துணை வேண்டும், நடமாட விட வேண்டும், நிலையைத் தாயே தேர்ந்தெடுக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் பரிந்துரைத்திருக்கிறது. இவை தயவு கேட்பது அல்ல, உரிமை.

மறுபடி துணிக்கு வருவோம். கடைக்காரர் மேல் மட்டும் பழி போடுவதும் சரியல்ல. காமர்ஸ் பாடத்தில் முதல் வருடமே சொல்லிவிடுகிறார்கள், விற்காத சரக்கு என்பது அலமாரியில் தூங்கும் பணம். ஊரில் எத்தனை பேர் 5 அடி 9? அதில் எத்தனை பேர் இப்போது கர்ப்பம்? அவர் பயம் நியாயமானது. உயரமான பெண்களுக்கென்றே 1976-ல் லண்டனில் தொடங்கிய 'லாங் டால் சாலி' கூட 2020-ல் கடைகளை மூட வேண்டி வந்து, பெயர் வேறு நிறுவனத்திடம் போனது.

ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. லிதுவேனியாவிலிருந்து நியூயார்க் போன லேனா பிரையன்ட், கணவரை இழந்த பின் தையல் மிஷினை வைத்துப் பிழைத்தவர். 1904-ல் கடை திறந்தார். ஒரு வாடிக்கையாளர் கர்ப்பகாலத்தில் வெளியே போட்டுக்கொண்டு போக உடை கேட்டார். இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்த விளம்பரத்தைப் போடவே பத்திரிகைகள் கூச்சப்பட்டன. 1911-ல் ஒரு பத்திரிகை ஒத்துக்கொண்டது, சரக்கு மறுநாளே காலி! வாங்க ஆள் இல்லாமல் இல்லை, யாரும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு ஏற்ற கணக்கு இன்னும் சுலபம். ஸ்டாக் வைக்கவே வேண்டாம். நைட்டி பிட் எடுத்து தெரு முனை டெய்லரிடம் கொடுத்தால் முடிந்தது. 56 அங்குலத்தை 60 ஆக்க முன்னும் பின்னும் சேர்த்து 8 அங்குலம் கூடுதல் துணி, அதாவது 20 செ.மீ. மீட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 ரூபாய்! கடை வாசலில் "நீளம் கூட்டித் தைத்துத் தரப்படும்" என்று ஒரு அட்டை தொங்கவிட்டால் போதும். பக்கங்களில் இரண்டு அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைத்தால் மாதம் ஏற ஏறத் தையலைப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். ஜிப்பை எங்கே வைப்பது என்று அளந்து பார்க்க ஒரு நிமிடம்.

அளந்து பார்ப்பதுதான் இங்கே மொத்த விஷயமும். கடையானாலும் சரி, பிரசவ அறையானாலும் சரி, பார்த்த மாத்திரத்தில் "உனக்கு இதுதான்" என்று எடுத்துப் போடாமல், எதிரில் நிற்கும் பெண்ணை அளந்து, அவரிடமே கேட்டு முடிவெடுங்கள். அடுத்த முறை வளைகாப்புக்குப் போகும்போது "உனக்கென்னம்மா" என்று ஆரம்பிக்காமல் "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டுப் பாருங்களேன். ஒரே ஒரு சொல்தான் அதிகம் செலவாகும்!