‘கணக்கு இல்லை’ என்பது பதிலா?

2020 மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நான்கே மணி நேரத்தில் தேசம் முழுவதும் அடைக்கப்பட்டது. வேலை போயிற்று, கூலி போயிற்று, ரயிலும் பஸ்ஸும் நின்றன. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு சொந்த ஊருக்கு நடந்தார்கள். மே 8-ந் தேதி மகாராஷ்டிரத்தில், ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்துத் தூங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது.

செப்டம்பர் 14-ந் தேதி லோக்சபை கூடியது. மாண்ட தொழிலாளர்கள் எத்தனை பேர், நஷ்ட ஈடு உண்டா என்று எழுத்து மூலம் கேட்கப்பட்டது. தொழில் இலாகாவின் பதில்: அத்தகைய கணக்கு வைக்கப்படவில்லை, ஆகவே நஷ்ட ஈடு என்ற பேச்சே எழவில்லை!

அதே சர்க்கார், ஊர் திரும்பியவர்கள் 1 கோடியே 4 லட்சம் பேருக்கு மேல் என்று கணக்குச் சொல்லிற்று. அதே வாரத்தில் ரயில்வே மந்திரி, விசேஷ ரயில்களில் மட்டும் 97 பேர் இறந்ததாக ராஜ்யசபையில் எழுதிக் கொடுத்தார். உயிரோடு வந்தவனை எண்ண முடிந்தது. ரயிலில் செத்தவனை எண்ண முடிந்தது. ரோட்டில் செத்தவனை மட்டும் எண்ண முடியவில்லையாம். ஏன்? எண்ணினால் பணம் தர வேண்டும்!

வெளிமாநிலத் தொழிலாளிக்குக் கண்ட்ராக்டர் பாஸ்புக் தரவேண்டும் என்ற 1979-ஆம் ஆண்டுச் சட்டம் அன்று அமலில் இருந்தது. அதை முதலாளிகள் மீது ஒழுங்காக அமல் நடத்தியிருந்தால், யார் எங்கே வேலை செய்தார் என்பதாவது தெரிந்திருக்கும்.

அந்தக் கூட்டத் தொடரில் கேள்வி நேரமே ரத்துச் செய்யப்பட்டது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் மந்திரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அங்கத்தினர்கள் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். எழுத்து மூலப் பதிலில் அதற்கு வழியில்லை. காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மந்திரி நழுவிவிடலாம்.

2021 நவம்பர் 30-ந் தேதி விவசாய மந்திரியும் இதே பாட்டைப் பாடினார். டில்லி எல்லையில் போராடி மாண்ட விவசாயிகளைப் பற்றி ரிக்கார்டு இல்லை, எனவே உதவித் தொகையும் இல்லை என்றார்.

அப்படியானால் எழுத்து மூலக் கேள்வி வீணா? இல்லை. அது சர்க்காரே எழுதித் தந்த வாக்குமூலம். ‘கணக்கு இல்லை’ என்ற பதில்தான் அவர்களுடைய அலட்சியத்தை நாடறியச் செய்தது. ஆனால், பதிலோடு விட்டுவிட்டால் கேள்வி செத்துவிடும்.

1957-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் மக்கள் பணம் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாயை முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் கொட்டியது. அதுவும் முதலில் பார்லிமெண்டில் ஒரு கேள்வியாகத்தான் எழுந்தது. அங்கத்தினர்கள் விடவில்லை. பெரோஸ் காந்தி ஆளும் கட்சியில் இருந்துகொண்டே குடைந்தெடுத்தார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமாச் செய்தார்.

தோழர்களே! சர்க்கார் கணக்கு இல்லை என்றால் நாம் கணக்கெடுப்போம். ஆலைவாரியாக, கிராமவாரியாகப் பெயர், கூலி, விபத்து, பாக்கி அனைத்தையும் எழுதி நமது பிரதிநிதிகளிடம் கொடுப்போம். வரும் பதிலைச் சங்கப் பலகையில் எழுதிப் போடுவோம். நழுவும் மந்திரியைச் சபைக்குள் துணைக் கேள்வியும், வெளியே நமது ஒற்றுமையும் மடக்கட்டும்!